மாட்டைப் பிடித்துப் பெருக்குவதா, கன்றை வளர்த்துப் பெருக்குவதா?

இரண்டு மாட்டில் ஆரம்பித்து ஐந்து ஆறு வரைக்கும் போக வேண்டும், ஆனால் மொத்தமாகப் போடப் பணம் இல்லை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவன்தான். சொல்வதெல்லாம் ஜெர்சி கலப்பினக் கறவைக்குப் பொருந்தும். காங்கயம் வளர்க்கிறவர்கள் கணக்கு வேறு, அதில் தலை ஈத்துக்கே, அதாவது முதல் கன்று போடுவதற்கே, மூன்றரை வயது தாண்டிவிடும்.

சந்தையில் கறவை மாடு பிடித்தால் மறுநாள் காலையே சங்கத்துக்குப் பால் போகும், கடன் வாங்கியிருந்தால் பால் பணத்திலேயே தவணை கட்டலாம், அதற்குத்தான் எல்லோரும் அங்கே போகிறோம். ஆனால் ஏமாறுவதும் அங்கேதான் அதிகம். ஒரு முறை "கன்று போட்டு இருபது நாள், வேளைக்கு ஆறு லிட்டர்" என்று தரகர் சொன்னார், மடியும் புடைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்த மறுநாள் காலை கறந்தது மூன்றரை லிட்டர். முந்தின வேளை கறக்காமல் நிறுத்தி வைத்து மடியைக் காட்டியிருக்கிறார்கள். பின்னங்கால் பக்கம் இடது காம்பில் முதல் பீச்சை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன், தயிர்த் துணுக்கு மாதிரி கட்டிகள். மடிநோய். அந்த ஈத்து முழுக்க மூன்று காம்பில்தான் பால் கறந்தோம். அதிலிருந்து, விற்கிறவர் வீட்டிலேயே தொடர்ந்து மூன்று வேளை நின்று கறந்து பார்க்காமல் நான் மாடு பிடிப்பதில்லை. நாலு காம்பின் முதல் பாலையும் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், கட்டி இருந்தால் உடனே தெரியும்.

சினைக் கிடாரிக்கு, அதாவது முதல் சினையில் இருக்கிற இளம் மாட்டுக்கு, இந்தத் தொல்லை குறைவு. மடியில் இதுவரை யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள், கன்று போடுவதற்கு முன்பே உங்கள் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் பழகிவிடும், எல்லா ஈத்தும் உங்களுக்கே. எவ்வளவு பால் கொடுக்கும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது, தாயைப் பார்க்க முடிந்தால் பார்த்துவிட்டு வாருங்கள். "அஞ்சு மாசச் சினை" என்ற வாய்ச்சொல்லை நம்பாமல் மருத்துவரைக் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆறு மாதக் கிடாரிக் கன்றை மலிவாக வாங்கி வளர்ப்பவர்களும் உண்டு. வயிறு மட்டும் பெருத்து முதுகெலும்பு தெரிகிற கன்றாகத்தான் பெரும்பாலும் விலைக்கு வருகிறது. பூச்சி மருந்து கொடுத்தார்களா, 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே தடவை போட வேண்டிய கன்று வீச்சு (சினை கலைகிற நோய்) தடுப்பூசியைப் போட்டார்களா என்பது தெரியாது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

சரி, வீட்டிலேயே பிறந்த கன்று. "இதுக்கு என்ன செலவு, வைக்கோலைப் போட்டா வளருது" என்பார்கள். அந்தப் பேச்சால்தான் கன்றுகள் வீணாகின்றன. மூன்று மாதத்தில் 200 லிட்டர் பால் குடிக்கும், அதன் பிறகு நாளுக்குச் சராசரி ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் என்று இரண்டு வருஷத்துக்குப் போட்டால் 1,100 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலே 33,000 ஆகிறது, பால் கணக்கையும் சேர்த்தால் 40,000 பக்கம். பசுந்தீவனம் சொந்தக் காட்டில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. சினைக் கிடாரி விலையோடு பார்த்தால் மிச்சம் பெரிதாக இல்லை. ஆனால் இது ஒரே நாளில் கையை விட்டுப் போகிற பணம் இல்லை, பால் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போவது. கடன் இல்லை, வட்டி இல்லை, மடி ஏமாற்று இல்லை.

இதில் மிச்சமோ நஷ்டமோ வருவது மாதக்கணக்கில்தான். பிறக்கும்போது 28 கிலோ இருக்கிற கன்று 250 கிலோ வந்தால்தான் சினை ஊசி போடலாம். ஒரு நாளைக்கு 450 கிராம் ஏறினால் பதினாறு மாதத்தில் அந்த எடை வரும். அரைவயிற்றுக்குப் போட்டு 250 கிராம்தான் ஏறுகிறது என்றால் இருபத்தொன்பது மாதம். வித்தியாசம் பதிமூன்று மாதம், அதாவது கிட்டத்தட்ட ஒரு ஈத்து முழுசாகப் போயிற்று. தீவனத்தில் மிச்சம் பிடித்த பணத்தைப் போல எத்தனையோ மடங்கு பாலாகப் போய்விடும். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், பத்தாம் நாள் முதல் பூச்சி மருந்து, இந்த இரண்டில் மட்டும் கை சுருக்காதீர்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மாடு ஐந்து வருஷத்தில் எட்டு ஈத்து கொடுக்கும். பாதி கிடாரி, அதில் ஒன்று தவறினாலும் மூன்று நிற்கும். ஆக ஐந்தாம் வருஷம் நாலு கறவை, பின்னால் ஒரு கிடாரி. கிடாரிக் கன்று ஊசி என்று சொல்கிற பாலினம் பிரித்த விந்தைப் போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பெண் கன்றுதான், ஆனால் சாதாரண விந்துக் குச்சியில் 2 கோடி உயிரணு என்றால் இதில் 20 முதல் 40 லட்சம்தான், சினை நிற்பது குறையும். அதனால் நல்ல உடம்போடு இருக்கிற கிடாரிக்கு மட்டும் போடுவேன், சினை பிடிக்காமல் நாலு முறை திரும்பிய மாட்டுக்குப் போட மாட்டேன்.

இடமும் ஆளும் இருந்து பணமே இல்லாதவர்களுக்கு வாரத்துக்கு (பங்குக்கு) வளர்க்கிற வழி இருக்கிறது. அடுத்தவர் கிடாரியை வளர்த்து, வருகிற கன்றில் பாதி. மெதுவான வழி, பேச்சை முதலிலேயே நாலு பேர் முன்னால் பேசிவிடுங்கள், செத்தால் யாருக்கு, சினை பிடிக்காவிட்டால் என்ன என்பது உட்பட.

எடை போட மேடை வேண்டாம், தையல்காரர் நாடா போதும். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். 55 அங்குலச் சுற்றளவும் 54 நீளமும் இருந்தால் ஏறக்குறைய 247. எங்கள் சின்னக் கிடாரியைப் போன வாரம் அளந்தேன், சுற்றளவு 52, நீளமும் 52. பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டுதான் இருக்கிறாள், இன்னும் ஊசி போடவில்லை.