மணிக்கணக்கில் கிடைக்கும் விடுதி அறைகள்: ஓராண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

கடந்த ஓராண்டில் ஏழு முறை, ஐந்து வெவ்வேறு விடுதிகளில், பகல் வேளையில் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு மட்டும் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். நாங்கள் என்பது நானும் என் துணைவரும். இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். இருவருமே வாழ்க்கைத் துணையை இழந்து, வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள். எங்கள் உறவைப் பிள்ளைகளிடம் சொல்லும் நாள் விரைவில் வரும். அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு இருவர் மட்டும் இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. இத்தகைய அறைகளைப் பற்றி எழுதுபவர்கள் ஒன்று கூசிக் கூசி எதையும் சொல்லாமல் விடுகிறார்கள், அல்லது கொச்சையாக எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அறை தேடும் ஒருவருக்கு இரண்டாலும் பயனில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்தச் சேவை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு தங்கியவர்கள் முற்பகலில் அறையைக் காலி செய்த பிறகு, அடுத்த விருந்தினர் மாலையிலோ இரவிலோ வந்து சேரும்வரை பல அறைகள் வெறுமனே பூட்டிக் கிடக்கும். அந்த இடைவெளியைக் குறைந்த வாடகைக்கு விடுவதே இதன் அடிப்படை. பாரிஸில் 2010இல் தொடங்கிய டேயூஸ் போன்ற தளங்கள் இதையே தனித் தொழிலாக வளர்த்தன. இரண்டு விமானங்களுக்கு இடையே உறங்க வேண்டியவர்கள், அமைதியாக வேலை பார்க்க இடம் தேடுபவர்கள், எங்களைப் போன்ற இணையர்கள் என்று எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகிறோம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஜப்பானில் இதற்கென்றே தனி விடுதிகள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. அங்கே 'ஓய்வு' என்ற பெயரில் சில மணி நேரத்துக்கும் 'தங்கல்' என்ற பெயரில் இரவு முழுவதற்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. பல விடுதிகளில் ஊழியரின் முகத்தைப் பார்க்காமலேயே, ஒளிரும் படங்களில் அறையைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்திவிடலாம். விருந்தினரின் கூச்சத்தை மதித்துக் கட்டடத்தையே வடிவமைத்த அந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன். மற்ற இடங்களில் அத்தகைய வடிவமைப்பு கிடைப்பது அரிது. ஆகவே கமுக்கம் என்பது வரவேற்பு மேசையில் இருப்பவரின் நடத்தையையும் விடுதியின் ஒழுங்கையும் பொறுத்ததாகவே அமைகிறது.

எங்கள் முதல் தேர்வு தவறாகப் போனது. 'அடையாள அட்டை தேவையில்லை, எந்தக் கேள்வியும் கிடையாது' என்ற விளம்பரத்தைப் பார்த்து, இதைவிடப் பாதுகாப்பான இடம் இருக்க முடியாது என்று நம்பிச் சென்றோம். பதிவேட்டில் பெயர் எழுதவில்லை, ரசீது கொடுக்கவில்லை, பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். அறையின் உள்தாழ்ப்பாள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆவதற்குள் ஒருவர் தட்டாமலேயே மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, அறை மாறி வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் உடனே கிளம்பினோம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நாங்கள் அங்கே தங்கியதற்கே சான்றில்லை என்ற பதில் வந்தது. அன்று என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. நம் பெயரை எழுதிக்கொள்ளாத இடம் மற்றவர்களின் பெயரையும் எழுதிக்கொள்வதில்லை. பக்கத்து அறையில் இருப்பவர் யார், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, அறைக்குள் யார் எப்போது நுழைந்தார் என்பதற்கெல்லாம் அங்கே பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. பதினெட்டு வயது நிறையாதவரை ஒருவர் அழைத்து வந்தாலும் தடுக்கமாட்டாத இடம் அது என்பதையும் சேர்த்து நினைத்தபோது, அந்த விளம்பரத்தின் மீதே எனக்கு வெறுப்பு உண்டானது.

அதற்குப் பிறகு, இருவரின் அடையாள அட்டையையும் முறைப்படி கேட்கும் விடுதிகளுக்கு மட்டுமே செல்கிறோம். பல நாடுகளில் விருந்தினர் பதிவேடு வைத்திருப்பது விடுதிகளின் சட்டபூர்வமான கடமை. ஆகவே அட்டையைக் கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. எப்படிக் கேட்கிறார்கள், கேட்ட பிறகு அதை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நல்ல விடுதிக்கும் மோசமான விடுதிக்கும் வேறுபாடு தெரிகிறது. நாங்கள் விரும்பும் விடுதியில், மேசையில் இருந்த பெண் இரண்டு அட்டைகளையும் பார்த்து, எண்ணைப் பதிவு செய்துகொண்டு, எங்கள் பெயரைச் சத்தமாக வாசிக்காமல், அறை எண்ணையும் வாயால் சொல்லாமல் உறையின் மேல் எழுதிக் காட்டினார். பக்கத்தில் நின்றவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. இதற்கு மாறாக, இன்னொரு விடுதியில் எங்கள் அட்டைகளைக் கைப்பேசியில் படம் பிடிக்க முயன்றார்கள். ஊழியரின் சொந்தக் கைப்பேசி அது. நான் மறுத்தேன், சற்றுத் தயங்கியபின் அலுவலக நகலியில் படியெடுத்தார்கள். அந்தப் படியின் குறுக்கே தேதியையும் 'விடுதிப் பதிவுக்கு மட்டும்' என்ற குறிப்பையும் நானே எழுதிக் கொடுத்தேன். இதை மிகை என்று எண்ண வேண்டாம். பன்னாட்டு விடுதி நிறுவனமான மாரியட்டின் ஸ்டார்வுட் முன்பதிவுத் தரவுத்தளத்தில் பல ஆண்டுகளாக அத்துமீறல் நடந்திருந்தது 2018இல் வெளியானபோது, மறையாக்கம் செய்யப்படாத கடவுச்சீட்டு எண்கள் மட்டுமே 50 லட்சத்துக்கும் மேல் கசிந்திருந்தன. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் நிலையே அதுவென்றால், ஓர் ஊழியரின் கைப்பேசியில் நம் அட்டையின் படம் கிடப்பதை எப்படி ஏற்க முடியும்?

முன்பதிவு செய்வதற்கு முன் விடுதிக்கே நேரடியாகத் தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது. செயலியில் 'இணையர் வரவேற்கப்படுகிறார்கள்' என்று போட்டிருந்தாலும், மேசையில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். எங்களுக்கு ஒருமுறை அப்படி நேர்ந்து, வாசலோடு திரும்பினோம். முகவரியும் குடும்பப் பெயரும் வேறுபட்ட இருவர் தங்கலாமா, இரண்டாமவர் தனியாகவும் தாமதமாகவும் வந்தால் அவரை அறைக்கு அனுப்புவார்களா, நேரம் முன்பதிவில் சொன்ன மணியிலிருந்து கணக்காகிறதா அல்லது சாவி வாங்கிய மணியிலிருந்தா, ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டுமானால் யாரிடம் கேட்பது ஆகியவற்றைக் கேட்டுவிட்டால் போதும். பதில் சொல்பவரின் குரலே பாதி விடையைத் தந்துவிடும். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும் இடத்துக்கு நாங்கள் போவதில்லை.

கமுக்கம் விடுதியின் வாசலில் தொடங்குவதன்று, நம் கைப்பேசியில் தொடங்குவது. குடும்பத்தார் சேர்ந்து பயன்படுத்தும் மின்னஞ்சலுக்கு முன்பதிவு ரசீது போய்ச் சேரும். கூட்டு வங்கிக் கணக்கின் பட்டியலில் விடுதியின் பெயரோ, அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரோ வந்து நிற்கும். இருப்பிடப் பகிர்வு ஓடிக்கொண்டிருந்தால் நாம் இருக்கும் தெரு வரை தெரியும். தங்கிச் சென்ற மறுநாள் 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?' என்று செயலி கேட்கும் அறிவிப்பு, வீட்டு மேசையில் கிடக்கும் கைப்பேசித் திரையில் ஒளிரும். நான் இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொண்டு, செயலியின் அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். பணத்தை விடுதியிலேயே செலுத்தும் வசதி உள்ள இடங்களைத் தேர்ந்தெடுக்கிறேன். பொய்ப் பெயர் கொடுப்பதை மட்டும் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். தீ விபத்தோ உடல்நலக் குறைவோ நேர்ந்தால், உள்ளே இருப்பவர் யார் என்பது யாருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் என் துணைவரும் நெடுநாள் பழகியவர்கள். முதன்முறை சந்திக்கும் இருவர் நேரே அறைக்குச் செல்வதை நான் ஏற்கவில்லை. முதலில் ஆட்கள் நடமாடும் பொது இடத்தில் சந்தித்துப் பேசிவிட்டு, நம்பகமான தோழியிடமோ நண்பரிடமோ விடுதியின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுச் செல்வதே முறை. அறைக்கு வர ஒப்புக்கொண்டதாலேயே ஒருவர் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டதாக ஆகாது. எந்த நொடியிலும் மனம் மாறிக் கிளம்பிவிடும் உரிமை இருவருக்கும் உண்டு.

அறைக்குள் நுழைந்ததும் முதல் ஐந்து நிமிடத்தைச் சோதனைக்கே ஒதுக்குகிறோம். உள்தாழ்ப்பாள், கதவுச் சங்கிலி, கதவின் பார்வைத் துளை ஆகியவற்றை முதலில் பார்ப்பேன். பார்வைத் துளைக்கு உட்புற மூடி இல்லையென்றால் கைக்குட்டை நுனியைச் சுருட்டி அடைத்துவிடுவேன். அடுத்தது மறைவான கேமரா. தென்கொரியாவில் 2019 மார்ச்சில் அந்நாட்டுக் காவல்துறை வெளிப்படுத்திய வழக்கில், பத்து நகரங்களில் 30 விடுதிகளின் 42 அறைகளில் நுண்கேமராக்கள் பொருத்தப்பட்டு, சுமார் 1,600 விருந்தினர்கள் தெரியாமல் படமாக்கப்பட்டு, காட்சிகள் இணையத்தில் நேரலையாக விற்கப்பட்டிருந்தன. தொலைக்காட்சியோடு இணைந்த பெட்டிகளிலும், சுவரின் பிளக் பாயிண்டுகளிலும், ஹேர் டிரையர் தாங்கியிலும் அவை மறைந்திருந்தன. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, படுக்கையை நோக்கியிருக்கும் எந்தப் பொருளையும் நான் சும்மா விடுவதில்லை. திரைச்சீலையை மூடி விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியை மெல்ல நகர்த்தினால், லென்ஸ் இருக்குமிடத்தில் புள்ளியாக ஒரு பளிச்சிடல் தெரியும். அதே இருட்டில் கைப்பேசியின் முன்பக்கக் கேமரா வழியாகப் பார்த்தால், இருளில் படம் பிடிக்கும் சில கேமராக்களின் அகச்சிவப்பு விளக்கு திரையில் வெண்ணிறமாகத் தென்படலாம்; நம் கைப்பேசி அதைக் காட்டுமா என்பதை வீட்டிலேயே டிவி ரிமோட்டின் முனையைப் பார்த்துச் சோதித்துக்கொள்ளலாம். எல்லாக் கேமராவையும் இது காட்டிக்கொடுத்துவிடாது. இருந்தாலும், கடிகாரம், சார்ஜர் முனை ஆகியவற்றின் மீது ஒரு துண்டைப் போடவோ அவற்றைக் கழற்றி வைக்கவோ சில நொடிகள்தான் ஆகும். கூரையில் உள்ள புகை உணரியை மட்டும் மூடிவிடாதீர்கள், ஐயம் இருந்தால் அறையை மாற்றித் தரக் கேளுங்கள்.

தூய்மையில்தான் மணிக்கணக்கு அறைகள் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. ஒரே நாளில் ஓர் அறைக்கு மூன்று முறை ஆள் மாறினால், ஒவ்வொரு முறையும் விரிப்பையும் தலையணை உறையையும் துண்டையும் மாற்ற வேண்டும். அவசரத்தில் விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு அடுத்தவரை உள்ளே விடும் வழக்கத்தை ஒரு விடுதியில் கண்ணாரக் கண்டேன்: தலையணை உறையில் இன்னும் ஈரம் இருந்தது. புதிதாக விரித்த துணியில் மடிப்புக் கோடுகள் தெரியும். அவை இல்லையென்றால் தயங்காமல் புதிய விரிப்பு கேளுங்கள், எங்களுக்கு எங்கும் மறுத்ததில்லை. மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பார்த்துவிடுவதும் அவசியம். மூட்டைப்பூச்சி சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீளமே இருந்தாலும், அது விட்டுச்செல்லும் கரும்புள்ளிகள் தையலோரத்தில் தெளிவாகத் தெரியும். பையைத் தரையிலோ கட்டிலிலோ வைக்காமல் குளியலறையில் வைத்துவிட்டு இதைப் பார்ப்பது என் வழக்கம்.

மற்றவற்றில் பெரிய குறைகள் இல்லை. வைஃபை கேட்கும் கைப்பேசி எண்ணைக் கொடுக்க மனமில்லாததால் நாங்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

நேரத்தைப் பற்றி ஒரு கருத்து உண்டு. மூன்று மணி நேரம் என்று எடுத்தால், சோதனைக்கும் குளியலுக்கும் போக இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும்; முடிவதற்கு அரை மணி முன்பே மேசையிலிருந்து அழைப்பு வந்துவிட்டால் மனம் அப்போதே கிளம்பத் தொடங்கிவிடுகிறது. நான்கு மணி நேரமே நிறைவானது. எங்களுக்கு அந்த நேரத்தில் பெரும்பகுதி பேச்சிலேயே கழிகிறது. வீட்டில் தாழ்ந்த குரலில், பாதிச் சொற்களை விழுங்கிப் பேசிப் பழகிய இருவருக்கு, இயல்பான குரலில் பேச முடிவதே எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இந்த அறைகள்தான் எங்களுக்குக் காட்டின.

ஐந்து விடுதிகளில் ஒன்றுக்கு மட்டுமே மூன்று முறை சென்றிருக்கிறோம். அறை எண்ணை உறையில் எழுதிக் காட்டிய அதே விடுதிதான். அங்கேயும் குறைகள் உண்டு: குளியலறையின் காற்றாடி இரைகிறது, திரைச்சீலைகள் நடுவில் சரியாகச் சேராததால் ஒரு கவ்வியைக் கையோடு எடுத்துச் செல்கிறேன், மாலை ஐந்து மணிக்கு மேல் மணிக்கணக்கில் அறை தருவதில்லை. ஆனால் விரிப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக இருந்தது, தாழ்ப்பாள் உறுதியாக இருந்தது, கிளம்பும்போது மேசையில் இருந்தவர் வேறு எந்த விருந்தினரிடமும் சொல்வதைப் போலவே எங்களிடமும் வணக்கம் சொன்னார். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். அடுத்த முறைக்கும் அங்கேயே, படிக்கட்டுக்கு அருகில் உள்ள கடைசி அறையைக் கேட்டு வைத்திருக்கிறோம். மின்தூக்கிக்குக் காத்து நிற்காமல் ஏறி இறங்கிவிடலாம், தீ என்றாலும் வெளியேற அதுவே குறுகிய வழி.