ஆர்எக்ஸ் 100ல எஃப்இசட் ஃபோர்க்கு: சிவாஜிநகர் பட்டறை ரிவ்யூ

பெங்களூரு சில்க் போர்டு சிக்னல்ல கூட தோள தட்டி கேக்குறாங்க, "பாஸ் இது எந்த வண்டி ஃபோர்க்கு, எங்க போட்டீங்க"ன்னு. என் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100ல யமஹா எஃப்இசட்டோட முன் செட்டு மொத்தமா ஏறியிருக்கு, ஃபோர்க்கு (முன் வீல புடிச்சிருக்கிற, ஸ்பிரிங் வச்ச ரெண்டு பைப்பு), டீ (அந்த ரெண்டையும் சேத்து புடிக்கிற கிளாம்ப்பு), அலாய் வீலு, டிஸ்க்கு பிரேக்கு எல்லாம். போட்டது சிவாஜிநகர்ல ஒரு சந்துக்குள்ள இருக்கிற பட்டறை, போர்டு கூட கெடையாது. பிரேக்குக்காக மாத்துறதா இருந்தா தாராளமா மாத்துங்க. குஷன் சொகமா இருக்கும்னு நெனச்சு மாத்துறதா இருந்தா வேணாம், பழைய ஃபோர்க்குக்கே புது பைப்பு, சீலு (ஆயில் ஒழுகாம அடைக்கிற ரப்பர் வளையம்), ஆயில் போட்டுட்டு மிச்ச காசுல அங்கயே நல்லா பிரியாணி சாப்பிட்டு வாங்க.

செட்டு கெடைக்கிறது கஷ்டம் இல்ல, எஃப்இசட் 2008லேருந்து ஓடுது, குஜிரி கடைங்கள்ல, அதாவது பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல, குவிஞ்சு கெடக்கு. நல்ல செட்டு கெடைக்கிறதுதான் கஷ்டம், ஏன்னா அங்க கழட்டி விக்கிறதுல நெறைய முன்னாடி இடிச்ச வண்டிதான். இந்த விஷயத்துல பட்டறைக்காரர் பாய் வேலைய பாத்து அசந்துட்டேன். பைப்ப தனியா உருவி, துணியால தொடச்சு, மேஜை கண்ணாடி மேல வச்சு மெதுவா உருட்டுறாரு, கண்ண கீழ கொண்டு போயி பைப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு பாக்குறாரு. மொத ஜோடியில ஒண்ணு உருளும்போது லேசா தத்துச்சு, "இது வேணாம் தம்பி, மாசத்துக்கு ஒரு சீல் தின்னும்"னு ஓரமா போட்டுட்டாரு. அடுத்த ஜோடியில சீல் ஓடுற எடத்துல நகத்த வச்சு மேலயும் கீழயும் இழுத்து பாத்தாரு, துருக்குழி இருந்தா நகம் மாட்டும். வீலு, டிஸ்க் பிரேக்கோட காலிப்பரு, மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் சேத்து 12,000 சொல்லி 10,500க்கு முடிஞ்சுது, லேத்து வேலையும் கூலியும் தனி. பில்லு கேட்டு வாங்குங்க, திருட்டு வண்டி பார்ட்ஸா இருந்தா அப்புறம் ஸ்டேஷனுக்கு நீங்கதான் அலையணும்.

இது நேரா போல்ட்டு போட்டு ஏத்துற சமாச்சாரம் இல்ல. எஃப்இசட் டீயோட ஸ்டெம்மு (டீ நடுவுல நிக்கிற தண்டு) என் வண்டி ஹெட் பைப்புக்கு (ஃபிரேம்ல அந்த தண்டு நுழையிற குழாய்) சேரல, கோன் செட்டும் (ஹேண்டில் திரும்புற பேரிங்) சேரல. சில எடத்துல ஸ்டெம்ம அறுத்து நடுவுல வெல்டிங் வச்சு குடுத்துடறாங்களாம், கேக்கும்போதே பயமா இருக்கு, பிரேக் புடிக்கும்போது வர்ற முழு பாரமும் அந்த ஸ்டெம்முலதான் வந்து நிக்கும், வெல்டிங் பக்கத்துல வெடிப்பு விட்டா வெளிய தெரியவும் தெரியாது. பாய் வெல்டிங் மெஷின் பக்கமே போகல, பழைய ஸ்டெம்ம பிரஸ்ல தள்ளி எடுத்துட்டு ஆர்எக்ஸ் அளவுக்கு புது ஸ்டெம்மு லேத்துல கடைஞ்சு இறுக்கமா பிரஸ் பண்ணி குடுத்தாரு. ஹேண்டில் இப்ப ஒரு விரல்ல திரும்புது, முன் பிரேக்க புடிச்சுக்கிட்டு வண்டிய முன்ன பின்ன ஆட்டினா ஒரு டக் சத்தம் கூட இல்ல.

இப்ப குஷன் கதைக்கு வர்றேன். ஆர்எக்ஸ் சுமார் 100 கிலோ வண்டி, எஃப்இசட் 130க்கு மேல, அந்த எடைக்குன்னு வச்ச ஸ்பிரிங்க கொண்டு வந்து இதுல போட்டா எப்பிடி அமுங்கும்? 41 எம்எம் பைப்பு பாக்க கெத்தா இருக்கு, சின்ன பள்ளத்துல எல்லாம் கை மணிக்கட்டுல வந்து அடிக்குது. சந்தேகம் இருந்தா பைப்புல சீலுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் டேக் (ஜிப் டை) கட்டி சீல ஒட்ட தள்ளி விட்டுட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, அது எவ்வளவு மேல ஏறியிருக்கோ அவ்வளவுதான் ஃபோர்க்கு வேலை செஞ்சிருக்கு. கலாசிபாளையம் ரோட்ல போயிட்டு வந்தும் எனக்கு பாதிக்கு மேல ஏறல. பாய் ஸ்பிரிங்குல ரெண்டு சுத்து வெட்டிடலாம்னாரு, நான் ஒத்துக்கல, ஸ்பிரிங்க வெட்டுனா வண்டி கொஞ்சம் இறங்குமே தவிர மிச்சம் இருக்கிற ஸ்பிரிங்கு முன்னவிட விறைப்பா ஆயிடும். ஆயில லேசாக்கி 10டபிள்யூ ஊத்துனதுல அந்த சுருக் சுருக்குன்னு அடிக்கிறது கொஞ்சம் கொறஞ்சுது, ஆனா ஆயில் மாத்துனா டேம்பிங்தான் (ஃபோர்க்கு அமுங்கி எழும்புற வேகத்த அடக்குறது) மாறும், ஸ்பிரிங்கோட விறைப்பு அப்பிடியேதான் இருக்கும். பின்னாடி ஆள் உக்காந்தா நல்லா இருக்கு, தனியா போனா இல்ல.

17 இஞ்ச் வீலு போட்டா முன்னாடி தாழ்ந்துடும்னு சொல்றவங்களுக்கு, தாழாது. ஆர்எக்ஸ்ல 2.50-18 டயர், எஃப்இசட்ல 100/80-17, டயர் உயரத்த சேத்து கணக்கு போட்டா மொத்த விட்டம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உயரம் மாறுறது ஃபோர்க்கு நீளத்துலதான். ஸ்டைலுக்காக பைப்ப டீக்கு மேல ஏத்தி விட்டு முன்னாடிய இறக்குறாங்க பாருங்க, அதுல ட்ரெயில் (ஹேண்டில் திரும்புற அச்சுக் கோடு தரைய தொடுற எடத்துக்கும் டயர் தரைய தொடுற எடத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம்) கொறஞ்சு ஹேண்டில் லேசாயிடும், வேகத்துல வண்டி தலை ஆட்டும். மட்டமாவே விடுங்க.

பிரேக்கு பத்தி கொறை சொல்ல ஒண்ணுமே இல்ல. பழைய டிரம்முல மழையில லீவர புடிச்சுட்டு சாமிய கும்பிடணும், இப்ப ரெண்டு விரல் போதும். ஒசூர் ரோட்ல எவனாவது இண்டிகேட்டர் போடாம குறுக்க பூந்தாலும் வண்டி நேரா நிக்குது. ஆனா அந்த ஃபிரேம் டிரம் பிரேக்குக்கு பண்ணது, அத மறக்காதீங்க, வண்டி கழுவும்போது ஹெட் பைப்பு வெல்டிங் கிட்ட பெயிண்ட்ல கோடு விட்டிருக்கான்னு பாத்துக்குங்க.

பட்டறை மேல என் கோவம் ஃபினிஷிங்ல. முன் பிரேக்குக்கு ஸ்விட்ச் வயரே குடுக்கல, பிரேக் லைட் எரியாமலே வீடு வரைக்கும் வந்திருக்கேன். ஹேண்டில் ஸ்டாப்பர் வைக்க மறந்து, முழுசா திருப்புனதும் ஃபோர்க்கு டேங்க்ல போயி முட்டி பளபளன்னு இருந்த குரோம் பக்கத்துல ஒரு சொட்ட. கேட்டா "சின்னதுதானே தம்பி"ங்கறாரு, அவருக்கு சின்னது! ஹேண்டில் லாக்கும் சேரல, கேபிள்ல ஓடுற ஸ்பீடு மீட்டரும் செத்து போச்சு, மொபைல்ல ஜிபிஎஸ் பாத்துதான் ஸ்பீடு தெரிஞ்சுக்கறேன். லேத்து வேலைக்கு 5க்கு 5, மிச்சதுக்கு 2.

போறவங்க வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீங்க, தொழுகை முடிஞ்சு வர நேரமாவும். வேலை முடிஞ்சதும் "பழைய செட்ட குடுத்துடு தம்பி, கூலியில கழிச்சுக்கறேன்"னு கேப்பாரு, எல்லார்கிட்டயும் கேக்குறாரு. குடுக்காதீங்க. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996லயே நின்னுடுச்சு, அதனால எல்லா வண்டியும் 15 வருஷம் தாண்டுனதுதான், 5 வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்சி ரினீவலுக்கு ஆர்டிஓ முன்னாடி நிறுத்தியாகணும், அப்ப பழைய செட்டு கைல இருக்கணும். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு படி கம்பெனி ஸ்பெக்க மாத்தக்கூடாது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு, ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரனும் இத வச்சே கை விரிக்கலாம். என்னோட பழைய ஃபோர்க்கு, டிரம் வீலு, கோன் செட்டு எல்லாம் கிரீஸ் தடவி சாக்குல கட்டி பரண் மேல கெடக்கு.