வாகன் ஆரில் ராத்திரி தூங்க எது சரி: காற்று மெத்தையா, சாய்த்த சீட்டா, பலகையா?

சின்ன காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கு லாட்ஜ் வாடகை ஒரு தொல்லை. பொழுது சாய்ந்ததும் போகிற வழியை விட்டு லாட்ஜ் இருக்கிற ஊருக்குள் நுழைய வேண்டியிருப்பது அதைவிடப் பெரிய தொல்லை. காரிலேயே படுத்துவிட்டால் இரண்டும் ஒழிந்தது. வாகன் ஆர், ட்ரைபர், ஈக்கோ வைத்திருக்கும் பலர் பின்னால் மெத்தை போடலாமா என்று யோசிப்பது இதனால்தான். தாராளமாகப் போடலாம். எதைப் போடுவது என்பதில்தான் பணமும் முதுகும் வீணாகின்றன.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக் காருக்குள் இரண்டு அளவு எடுங்கள்: கதவுக்குக் கதவு எவ்வளவு, முன்சீட்டு முதுகிலிருந்து டிக்கிக் கதவு வரை எவ்வளவு. இப்போது வரும் வாகன் ஆரின் வெளி அகலம் 1,620 மி.மீ. இரண்டு பக்கக் கதவின் தடிமனைக் கழித்தால் உள்ளே மிஞ்சுவது நாலேகால், நாலரை அடி. நீளவாக்கில், முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளிப் பின்சீட்டை மடித்தால், ஐந்தரை அடி ஆள் ஓரளவு காலை நீட்டலாம். அதாவது சின்ன காரில் குறுக்கே படுக்க இடமே கிடையாது, நெடுக்கேதான் படுக்க வேண்டும். இந்த ஒரு கணக்கே பாதித் தேர்வை முடித்துவிடும்.

காற்று மெத்தையை முதலில் தள்ளிவிடலாம்

ஆன்லைனில் 'கார் பெட்' என்று தேடினால் முதலில் வருவது இதுதான். பின்சீட்டின் மேல் விரித்து, கால் வைக்கிற பள்ளத்தையும் காற்றால் நிரப்பி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஓடும் பம்ப்பால் ஊதுவது. ஐந்து நிமிட வேலை, படத்தில் பார்க்க ஜோர். ஆனால் அது குறுக்கே போடுகிற மெத்தை. நாலரை அடியில் பெரியவர்கள் முழங்காலை மடக்கித்தான் கிடக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குச் சரி.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. மேல் பரப்பு பி.வி.சி என்பதால் கடலோர ஊர்களில் முதுகு நனைந்து ஒட்டும். மலைக்குப் போனால் கதை தலைகீழ்: உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து மெத்தை தொய்யும், உடம்புச் சூட்டையும் கீழிருந்து உறிஞ்சும். ஊட்டியில் இதன் மேல் படுப்பதாக இருந்தால் முதுகுக்கு அடியில் ஒரு கம்பளி, மேலே ஒரு கம்பளி என்று இரண்டு வேண்டும்.

சீட்டைச் சாய்ப்பது

பைசா செலவில்லை. இடப்பக்க முன்சீட்டைப் பின்னால் தள்ளி, முழுக்கச் சாய்த்து, காலுக்கடியில் ஒரு பையை வைத்தால் தீர்ந்தது. பையை மறந்தால் விடியும்போது பாதம் வீங்கியிருக்கும். கால் தொங்கியபடி தூங்குவதுதான் இந்த முறையின் பெரிய கெடுதல். முழு இரவுக்கு இது லாயக்கில்லை, மூன்று மணி நேரத்துக்கு இதை அடிக்க வேறு ஆளில்லை.

அந்த மூன்று நான்கு மணி நேரம் எங்கே தேவைப்படும் என்பதற்குப் பண்ணாரி நல்ல உதாரணம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வழியே திம்பம் மலைப்பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுகிறது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இது கண்டிப்பாகிவிட்டது. மைசூருக்குப் புறப்பட்டவர் ராத்திரி இரண்டரைக்குப் பண்ணாரி செக்போஸ்டில் போய் நின்றால், திரும்பிப் போவதைவிட அங்கேயே ஓரங்கட்டிக் கண்ணயர்ந்து, ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவது மேல். அங்கே நிற்கும் கார்களில் பாதிக்கு மேல் சாய்த்த சீட்டுதான். அதற்காகப் பலகை போடுகிறவர் யாரும் இல்லை.

சாய்க்கிற வகையில் ஒரு விதிவிலக்கு ஹோண்டா ஜாஸ். அதில் பெட்ரோல் டேங்க் முன்சீட்டுகளுக்கு அடியில் இருக்கும், அதனால் பின்சீட்டின் கீழே இடம் காலி. 2015இல் வந்த ஜாஸின் மேல் வேரியன்டுகளில் 'மேஜிக் சீட்' உண்டு. முன்சீட்டின் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு முழுக்கச் சாய்த்தால், அது பின்சீட்டோடு சேர்ந்து ஒரே நீளமாகிவிடும். 2018 மாடலில் மேஜிக் சீட்டை எடுத்துவிட்டார்கள். 2023இல் காரே நின்றுபோனது. பழைய வண்டி மார்க்கெட்டில் தேடுகிறவர்கள் 2015க்கும் 2018க்கும் இடைப்பட்டதை, பின்சீட்டை ஒருமுறை தூக்கி மடித்துப் பார்த்து வாங்குங்கள். விற்கிறவருக்கே பல நேரம் அந்த வசதி இருப்பது தெரியாது.

பலகை: முழுசா, பாதியா?

என் ஓட்டு பலகைக்கு. அதிலும் பாதிப் பலகைக்கு.

முழுப் பலகை என்றால் பின்சீட்டு மொத்தத்தையும் மடித்து, கதவுக்குக் கதவு மேடை கட்டி, அடியில் சாமான் வைப்பது. படத்தில் எல்லாரும் காட்டுவது இதைத்தான். சிக்கல் அடியில் இருக்கிறது. வாகன் ஆரில் ஸ்டெப்னி டிக்கித் தரைக்குக் கீழே கிடக்கிறது. ராத்திரி பஞ்சர் என்றால் மெத்தை, பலகை, பெட்டி, அடுப்பு என்று எல்லாவற்றையும் ரோட்டோரம் இறக்கிய பிறகுதான் ஜாக்கியே கைக்கு வரும். மேடை உயர உயரத் தலைக்கு மேல் இடமும் குறையும். உட்கார்ந்து சட்டை மாற்ற முடியாத இடத்தில் எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது?

பாதிப் பலகையில் இந்தத் தகராறு இல்லை. பின்சீட்டு 60:40 என்று பிரிந்து மடியும் வேரியன்டாக இருக்க வேண்டும். கீழ் வேரியன்டுகளில் முழுசாகத்தான் மடியும் என்பதால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மட்டும் மடித்து, இரண்டடி அகலத்தில் ஆறடிப் பலகை. வலப்பக்கப் பின்சீட்டில் ஒருவர் உட்காரலாம், அல்லது சமையல் பெட்டியும் தண்ணீர் கேனும் வைக்கலாம். பன்னிரண்டு மி.மீ ப்ளைவுட் போதும். பி.டபிள்யூ.பி என்று முத்திரை இருக்கும் வாட்டர்ப்ரூஃப் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். காருக்குள் படிகிற ஈரத்துக்குச் சாதா ப்ளை ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும். இந்த அளவுப் பலகை ஒன்பது கிலோ வரும். நடுவில் கீல் அடித்து மூன்றடியாக மடியும்படி செய்யச் சொன்னால் ஒரு ஆளே தூக்கி வைக்கலாம், பகலில் டிக்கியில் படுக்கைவாட்டில் போட்டும் வைக்கலாம்.

மடித்த சீட்டு முதுகு தட்டையாகக் கிடக்காது, முன்பக்கம் கொஞ்சம் தூக்கியே நிற்கும். டிக்கித் தரை அதைவிடப் பள்ளம். எனவே பின்முனைக்கு இரண்டு மரக் கட்டை, முன்முனைக்குக் கால் வைக்கிற பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் கிரேட். தக்காளி வருகிற அதே கிரேட்தான், உயரமும் ஏறக்குறைய ஒத்துவரும். கொஞ்சம் குறைந்தால் மேலே ஒரு போர்வையை மடித்து வையுங்கள். மட்டமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தால் தெரியும்.

தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டையே வேண்டாம். முன்பக்கம்தான். திறக்கக்கூடிய ஜன்னல் அங்கேதான் இருக்கிறது, கதவும் கைக்கு எட்டும். பெரும்பாலான சின்ன கார்களில் டிக்கியை உள்ளிருந்து திறக்க முடியாது. அப்புறம் பின்கதவின் சைல்டு லாக்கை விலக்கிவிட்டுப் படுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அது பூட்டியே கிடக்கும், நடுராத்திரி அவசரத்துக்குக் கதவு திறக்காதபோதுதான் நினைவுக்கு வரும். பூட்டுவதும் ரிமோட்டில் வேண்டாம். உள்ளிருந்து திறந்தால் சில கார்கள் தெருவையே எழுப்பிவிடும்.

மெத்தைக்கு ஃபோம் இரண்டு அங்குலம் போதும், பலகையின் அளவுக்கே வெட்டித் தருவார்கள். இலவம்பஞ்சு மெத்தை சுகம்தான், ஆனால் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், தினமும் வெயிலில் போட வேண்டும். பயணத்தில் யார் போடுவது? கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் ஃபோமின் மேல் ஒரு கோரைப்பாயை விரித்துப் பாருங்கள். முதுகுக்கும் ஃபோமுக்கும் நடுவே காற்று ஓடும். விலையும் சொற்பம்.

பலகை போடக்கூடாத ஒரு கூட்டம் உண்டு: சி.என்.ஜி வாகன் ஆர் வைத்திருப்பவர்கள். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருப்பதால் அதற்கு மேலே கட்டினால் மூக்கு கூரையில் இடிக்கும். உங்களுக்குச் சாய்த்த சீட்டுதான்.

இன்னொன்று கண்டிப்பு. வண்டி ஓடும்போது பலகையில் யாரும் படுக்கக்கூடாது, சீட் பெல்ட் இல்லாத உடம்பு அது. வெறும் பலகையையும் பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். சடன் பிரேக்கில் ஒன்பது கிலோ ப்ளைவுட் நேராக டிரைவர் கழுத்துக்குத்தான் வரும்.

ஈக்கோவும் ட்ரைபரும்

சீட்டையே கழற்றிவிட்டால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். இடத்தில் ஈக்கோவுக்கு ஈடில்லை. நீளம் 3,675 மி.மீ, வாகன் ஆரைவிட இரண்டு சென்டிமீட்டர்தான் கூட. ஆனால் மூக்கு குட்டை, உயரம் 1,825 மி.மீ, பக்கக் கதவு தள்ளுகிற ரகம். பின்சீட்டை இறக்கினால் கிடைப்பது ஒரு சின்ன அறை. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே சூடு அடிக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டு முடிக்கலாம்.

தடை சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி-யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. இருக்கை எண்ணிக்கை ஆர்.சி-யில் இருக்கிறது. சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டுகிறவர், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும். பலகை அப்படியில்லை, அது கட்டி வைத்த சாமான்.

ட்ரைபரில் இந்தத் தலைவலி குறைவு. அதன் மூன்றாம் வரிசையைக் கம்பெனியே கழற்றி மாட்டும்படி கொடுத்திருக்கிறது. எடுத்துவிட்டால் டிக்கி 625 லிட்டர். ஆனால் படுக்க என்று வரும்போது நடு வரிசை குறுக்கே நிற்கிறது. தூக்கிக் கவிழ்த்தால் முன்சீட்டின் முதுகை அடைத்துக்கொண்டு நீளத்தைத் தின்னும், முதுகை மட்டும் மடித்தால் மேடு பள்ளம். ஆக, அதற்கும் பலகை வேண்டும். அகலம் மட்டும் தாராளம், 1,739 மி.மீ. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் படுப்பதென்றால் இந்த மூன்றில் நான் ட்ரைபரைத்தான் சொல்வேன்.

படுக்கையைவிடக் காற்று பெரிய பிரச்சினை

வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ மே மாத இரவில் எந்த மெத்தையும் உங்களைக் காப்பாற்றாது. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்கலாம் என்கிற எண்ணத்தை அடியோடு விடுங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இரண்டு எதிரெதிர் ஜன்னலை மூன்று விரல் அகலம் இறக்கி, கதவின் மேல் உறைபோல மாட்டுகிற கொசுவலையைப் போட்டு, யு.எஸ்.பி ஃபேன் ஒன்று வைத்தால் ஏப்ரலுக்கு முன்பு வரை சமாளிக்கலாம். பத்தாயிரம் எம்.ஏ.எச் பவர் பேங்க் நாலைந்து வாட் ஃபேனை ஆறேழு மணி நேரம் ஓட்டும். மலையிலும் ஜன்னலை முழுக்க மூடாதீர்கள். மூடினால் மூச்சு ஈரமெல்லாம் கண்ணாடியில் படிந்து விடியற்காலையில் தலையணையில் சொட்டும்.

இந்த இடத்தில் எலக்ட்ரிக் கார் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது. டியாகோ இ.வி-யின் பெரிய பேட்டரி 24 யூனிட். ஏசி சராசரியாக அரை கிலோவாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 4 யூனிட், ஆறில் ஒரு பங்கு. புகையும் இல்லை. அடுத்த நாள் சார்ஜரைத் தேடுகிற அலைச்சல் இருக்கத்தான் செய்யும், ஆனால் கோடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவருக்கு அந்த அலைச்சல் தகும். உள்ளே அதே சாய்த்த சீட்டோ பாதிப் பலகையோ போட்டுக்கொள்ளலாம்.

ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுவது வண்டி நின்ற பிறகு மட்டும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012இலேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. பகலில் போலீஸ் பிடிக்க அது ஒன்றே போதும்.

நிறுத்துகிற இடத்துக்கு என் வரிசை: இரவு முழுக்கத் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க், அதுவும் டேங்க் நிரப்பிவிட்டு அங்கிருப்பவரிடம் "அண்ணே, ஓரமா நிறுத்திப் படுத்துக்கலாமா?" என்று கேட்ட பிறகு. அடுத்தது திருச்செந்தூர், வேளாங்கண்ணி மாதிரி ஊர்களின் கட்டணப் பார்க்கிங், கழிப்பறை பக்கத்திலேயே கிடைக்கும். காட்டு ரோட்டில் ஓரங்கட்டிப் படுக்கவே கூடாது, வனத்துறை விடாது, யானையும் விடாது. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இ-பாஸை முதலிலேயே எடுத்துவிடுங்கள், 2024 மே முதல் கேட்கிறார்கள். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் முகம் வெளியே பார்க்கட்டும், சாவி தலைமாட்டில் இருக்கட்டும், டிரைவர் சீட்டில் எந்த மூட்டையும் வேண்டாம்.