பூதக்கண்ணாடியோடு 14 வருடம்: ஆக்ஸ்போர்டு காம்பாக்ட் அகராதி

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் காம்பாக்ட் பதிப்பைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கி 14 வருடம் ஆகிறது. 1971இல் வந்த பதிப்பு. 13 பெரிய தொகுதிகளை இரண்டுக்குள் அடைத்திருக்கிறார்கள். அசல் பக்கங்கள் நான்கைப் படம்பிடித்துச் சுருக்கி ஒரே பக்கத்தில் அச்சடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதனால் பெட்டியிலேயே ஒரு குட்டி இழுப்பறை வைத்து, அதில் பூதக்கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த பெட்டியில் இழுப்பறை இருந்தது, கண்ணாடி இல்லை.

வாங்கக் காரணம் ஒரு மானக்கேடு. 18ஆம் நூற்றாண்டுக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தபோது 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று வந்தது. 'அழகான வேறுபாடு' என்று எழுதிவிட்டேன். அச்சாகியும் விட்டது. அது 'மிக நுட்பமான வேறுபாடு' என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டார். தெரியாத சொல் வந்தால் எப்படியும் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல்தான் கழுத்தை அறுக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் பார்த்தது அந்த 'நைஸ்' தான். 'அறியாதவன்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. 1300 வாக்கில் முட்டாள் என்று பொருள். அப்புறம் எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்பவன், அப்புறம் துல்லியம், நுட்பம். 'இனிமையான' என்பது 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றுகிறது. 16, 17ஆம் நூற்றாண்டு மேற்கோள்கள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று சொல்வதே கடினம் என்று அகராதியே ஒப்புக்கொள்கிறது. அதைப் படித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

'சில்லி'யின் கதை நமக்குப் பழக்கமானதுதான். பாக்கியவான், சூதுவாது அறியாதவன், பரிதாபத்துக்குரியவன், கடைசியில் மடையன். நம் 'அப்பாவி'யும் பேச்சில் பாதி ஏமாளியாகிவிட்டான் அல்லவா? ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று படும் பாடும் தெரிந்ததே.

என்னை அதிகம் அசத்திய சொல் 'லெட்'. 'விடு, அனுமதி' என்று பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் அதே எழுத்துகளில் 'தடு' என்ற நேர் எதிர்ப் பொருளோடு இன்னொரு சொல்லும் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி வினைகள். காலப்போக்கில் ஒலி ஒன்றாகி ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டன. 'என்னை லெட் செய்பவனை ஆவியாக்கிவிடுவேன்' என்று ஹாம்லெட் கத்துவது தடுப்பவர்களைப் பார்த்து. அந்தச் சொல் செத்துப்போனதா என்றால் இல்லை, உங்கள் பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது. குடியரசுத் தலைவர் பெயரால் உள்ள வேண்டுகோளில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று வருகிறதே, அந்த 'லெட்' தடைதான். இதைத் தெரிந்துகொள்ளாமலே பல தடவை விமான நிலையத்தில் நீட்டியிருக்கிறேன்.

இந்த அகராதியின் உயிர் மேற்கோள்களில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே, ஆண்டு போட்டு, வரிசையாக. ஆசிரியர் ஜேம்ஸ் முர்ரேயின் காலத்தில் பொதுமக்கள் புத்தகம் படித்துத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பியவை ஏராளம். முதல் பகுதி 1884இல் வந்தது, முடிந்தது 1928இல். முர்ரே 1915லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் சின்னக் குத்துவாள் குறி இருக்கும். லென்ஸில் அது தெரிந்தாலே எனக்கு ஒரு குஷி.

குறைகளும் உண்டு. அரை மணி நேரம் குனிந்து படித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். இரவு விளக்கில் கண் எரியும். 1150க்குள்ளேயே மறைந்துவிட்ட சொற்களை இந்த அகராதி சேர்த்துக்கொள்வதில்லை. விடியலுக்கு முன் விழித்துக் கிடந்து படும் கவலைக்குப் பழைய ஆங்கிலத்தில் தனிச் சொல்லே உண்டு. அந்த மாதிரிச் சொற்களுக்கு 'பாஸ்வொர்த்-டோலர்' என்ற பழைய ஆங்கில அகராதிதான் கதி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அப்புறம், அகரவரிசையை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லை ஒருநாள் தேடினேன். இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அந்தச் சொல்லுக்கான சீட்டுகள் தொலைந்துபோய், விட்டுப்போயிருக்கிறது! 1933 பின்னிணைப்பில்தான் சேர்த்தார்கள். இரண்டாம் தொகுதியின் கடைசியில் அந்தப் பின்னிணைப்பு இருக்கிறது, அங்கேயும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புதிய சொற்களுக்குச் சந்தா கட்டி இணையப் பதிப்பைப் பார்ப்பதே நல்லது. பழசுக்கு எனக்கு இதுவே போதும். எங்காவது கண்ணில் பட்டால் வாங்கலாம். முதலில் இழுப்பறையைத் திறந்து பாருங்கள், கண்ணாடி இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். எனக்கு அன்று அந்தப் புத்தி வரவில்லை.