கொழும்பா, வந்தாறுமூலையா: நிறுவனங்களுக்கு விற்பவர் முதுமாணி படிக்க எங்கே போவது?

திருகோணமலையில் இயந்திர உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கடையின் விற்பனைப் பொறுப்பு என்னுடையது. பெல்ட், பேரிங், கிரீஸ், தண்ணீர் மோட்டர் இவைதான் சாமான். கடைக்கு வந்து ஒன்றிரண்டு வாங்கிப் போகிறவர்களால் எங்கள் வண்டி ஓடுவதில்லை. கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து அரிசி ஆலைகள், ஐஸ் தொழிற்சாலைகள், நிலாவெளி ஹோட்டல்கள் இவர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறார்கள். ஒரு வியாபாரம் இன்னொரு வியாபாரத்துக்கு விற்கும் இந்தச் சந்தைப்படுத்தலை முறையாகப் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. நான் எடுத்தது மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் கொழும்பு. கொழும்பு, களனிப் பல்கலைக்கழகங்களில் சந்தைப்படுத்தலுக்கென்றே முதுமாணிப் படிப்புகள் இருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நான் படித்தது பொதுவான வணிக நிர்வாக முதுமாணி. பாடத்தின் ஆழத்தை மட்டும் பார்த்தால் கொழும்புதான் மேல், அதில் விவாதமே இல்லை. அங்கே உடன் படிக்கிறவர்களும் முக்கியம். பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவில் இருக்கிறவர் பக்கத்துக் கதிரையில் இருப்பார். டோக்கியோ சிமெந்தின் ஆலை நம்மூரில் இருந்தாலும் தலைமை அலுவலகம் கொழும்பில்தான். லங்கா ஐஓசியும் அப்படியே. அந்த அளவு நிறுவனங்களுக்கு விற்க நினைப்பவருக்கு அந்த அறிமுகங்கள் பெறுமதியானவை. நான் அந்த வகுப்புகளில் இருந்தவனல்ல, படித்த இரண்டு நண்பர்கள் சொன்னதை வைத்தே சொல்கிறேன்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெள்ளி இரவு ரயில், ஞாயிறு இரவு பஸ், திங்கள் காலை வேலை. ஒருவர் அதை முழுதாகச் செய்து முடித்தார். மற்றவர் இரண்டாம் தவணையோடு விட்டுவிட்டார். வந்தாறுமூலைக்கு மூதூர், வெருகல், வாகரை வழியாகக் காலையில் போய் இரவே வீடு திரும்பலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்பு இதைக்கூட நினைத்துப் பார்க்க முடியாது.

இரண்டாவது வழி தொழில்சார் டிப்ளோமா. 1911இல் இங்கிலாந்தில் தொடங்கிய பட்டயச் சந்தைப்படுத்தல் நிறுவகத்தின், அதாவது சிஐஎம்மின் பட்டப்பின் நிலைப் படிப்பு, அல்லது நம் நாட்டின் ஸ்லிம், அதாவது இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவகம் நடத்துவது. வேலைக்கு உடனே கைகொடுப்பது இவைதான். சொந்த நிறுவனத்தை வைத்தே ஒப்படை எழுதலாம் என்பது நல்ல விஷயம். நான் விசாரித்தது 2022இல். சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிய நேரம். பவுணில் கட்ட வேண்டிய தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்ததும் சிஐஎம் விண்ணப்பத்தை மூடி வைத்தேன். இன்று விசாரிப்பவருக்கு அந்தக் கணக்கு வேறாக இருக்கலாம்.

சரி, என்னை உண்மையில் தீர்மானிக்க வைத்தது என்ன? ஆய்வேடு.

பட்டங்களை மட்டங்களாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி இரண்டு படிகளில் இருக்கிறது. பாடங்களோடு முடியும் 30 திறமைப்புள்ளி (கிரெடிட்) படிப்பு 9ஆம் மட்டம். ஆய்வோடு சேர்ந்த 60 புள்ளிப் படிப்பு 10ஆம் மட்டம், அதில் குறைந்தது 15 புள்ளி ஆய்வுக்கு. பலர் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் துறையில் அது இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் நிறுவனச் சந்தைப்படுத்தலில் வகுப்பில் படிப்பது முழுக்கப் பெரிய நிறுவனங்களின் கதை. 1972இல் வெப்ஸ்டர், விண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன கொள்வனவு மையம், அதாவது ஒரு நிறுவனத்தில் வாங்கும் முடிவில் பங்கெடுப்பவர்கள் என்ற கருத்து, வகுப்பில் எல்லோரும் படிப்பது: பாவிப்பவர், செல்வாக்குச் செலுத்துபவர், வாங்குபவர், தீர்மானிப்பவர், வாயிற்காவலர். தம்பலகாமத்து ஆலையில் இந்த ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே முதலாளிதான். ஆனால் அவருடைய மெக்கானிக் ஒரு பேரிங்கைக் கையில் உருட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தால் அந்த விற்பனை அன்றோடு சரி. இதை எந்த விரிவுரையும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆய்வுக்காக எடுத்த நேர்காணலில்தான் தெரிந்தது.

அந்த நேர்காணலில்தான் முழுச் சிக்கலும். சவர்க்காரம் வாங்குகிறவர்களைப் பற்றி ஆராய்ந்தால் முந்நூறு வினாக்கொத்து கொடுத்துக் கணினியில் போட்டுவிடலாம். என் வாடிக்கையாளர்களோ கைவிரல்களில் எண்ணக்கூடிய ஆலைகள். பதினொரு பேரோடு, ஒவ்வொருவரோடும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தமிழில் பேசினேன். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, தலைப்பு வாரியாகப் பிரித்து மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவர் தமிழ்ப் பதிவைத்தான் முதலில் கேட்டார். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இது எந்தப் பார்ப்பம்?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஓர் ஆலை முதலாளி, "சாமானை இறக்குங்க தம்பி, அறுவடை முடியட்டும், பார்ப்பம்" என்று சொல்லியிருந்தார். இன்னொருவர், "விலையை எழுதி அனுப்புங்க, பார்ப்பம்" என்றிருந்தார். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே வசனமாக எழுதி, 'முடிவெடுக்கத் தயக்கம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் போட்டிருந்தேன். ஆனால் முதலாவது பார்ப்பம் ஒரு வாக்குறுதி. பெரும்போக நெல் வந்ததும் காசு வரும், இதுவரை தவறியதில்லை. இரண்டாவது பார்ப்பம் மரியாதையான மறுப்பு. பத்து வருடமாக இந்த ஆட்களிடம் சாமான் விற்கிற எனக்கு இது தெரியும். ஆய்வு என்று உட்கார்ந்ததும் அந்தத் தெரிதலைக் கழற்றி வைத்துவிட்டேன். பதினொரு பதிவுகளையும் தமிழிலேயே மறுபடி பிரித்தேன். இரண்டு மாதம் கூடுதலாகப் போனது. தயக்கம் என்ற தலைப்பு காணாமல் போய், அறுவடைக் கடனும் நம்பிக்கையும் ஆய்வின் நடுவுக்கு வந்தன.

ஆலைக்கு நெல் வந்தால்தான் பெல்ட்டுக்குக் கேள்வி, அதாவது தேவை. இதைப் பெறப்பட்ட கேள்வி என்று பாடத்தில் ஒரு வரியில் படித்தோம். இப்போது எங்கள் கடையின் தவணைக் கணக்கையே பெரும்போகம், சிறுபோகம் என்று போகத்தை வைத்துப் பிரித்திருக்கிறோம். ஹோட்டல்களுக்கு வேறு கணக்கு, ஏப்ரலில் சீசன் தொடங்குவதற்கு முன்பே மோட்டர்களைப் பார்த்துக்கொடுத்துவிடுகிறோம். ஆய்வேட்டிலிருந்து நேரே கடைக்கு வந்த மாற்றம் இது.

கொழும்பில் படித்த என் நண்பருக்குக் கிடைத்த மேற்பார்வையாளர் துறையில் கெட்டிக்காரர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் பார்த்தார். நண்பரின் ஆய்வேடு நல்ல புள்ளி பெற்றது. அதில் எத்தனை பார்ப்பம் தொலைந்தன என்று அவருக்கே தெரியாது. அதற்காகக் கொழும்பில் தமிழ் தெரிந்த மேற்பார்வையாளரே கிடைக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் முன் அதைக் கேளுங்கள். நேர்காணலை மூல மொழியில் பார்ப்பவர் யார், தமிழ்ப் பதிவைப் பின்னிணைப்பாக வைக்கலாமா என்று எந்தப் பீடத்திலும் நேரே விசாரிக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கந்தளாயில் எங்களிடம் வாங்கும் ஆலைகளில் சில சிங்களவர்களுடையவை. இரண்டு முதலாளிகளைப் பேட்டி காண நினைத்து, என் சிங்களம் வியாபாரம் பேசப் போதும், ஆய்வுக்குப் போதாது என்று விட்டுவிட்டேன். என் ஆய்வில் அவர்கள் இல்லை. உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவர்கள் என்றால், சிங்களப் பதிவைக் கேட்டு விளங்கக்கூடிய மேற்பார்வையாளர் இருக்கும் இடத்தையே தேடுங்கள். அப்போது வெள்ளி இரவு ரயிலுக்கும் ஒரு நியாயம் இருக்கும்.