32 ஜிபி லேப்டாப்பில் ஆறு வருடம்: விண்டோஸைச் சுருக்கி வைத்த அனுபவம்

ஆத்தங்குடியில் சித்தப்பாவின் டைல்ஸ் பட்டறைக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். 2019-இல் பில் போட ஒரு சின்ன லேப்டாப் வாங்கினோம். சேமிப்பிடம் 32 ஜிபிதான். அதுவும் போர்டிலேயே பற்றவைத்த இஎம்எம்சி என்ற சேமிப்பு சிப், கழற்றிப் பெரிதாக மாட்ட வழியில்லை. விண்டோஸ் 10 அதை 29 ஜிபி சொச்சம் என்றுதான் காட்டும்.

ஆறே மாதத்தில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. மீதி 900 எம்பி. அப்டேட் பாதியில் நின்றது, பில் பேக்கப் எடுக்கவும் இடமில்லை. பழைய வருடங்களை நீக்கிவிடலாமா என்று கேட்டதற்கு, "எதையும் அழிச்சிராதப்பா. ஐயா காலத்துப் பேரேடே இன்னும் மாடியில பெட்டிக்குள்ள இருக்கு" என்றார் சித்தப்பா. அவர் சொன்னது நியாயம்தான். டைல்ஸ் டிசைன் படங்களை மட்டும் பென் டிரைவுக்கு மாற்றினேன். அது போதவில்லை.

அப்புறம்தான் காம்பாக்ட் ஓஎஸ் பற்றித் தெரிந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோதே கூட வந்த வசதி. விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சுருக்கியே வட்டில் வைத்திருக்கும், தேவைப்படும்போது படித்து விரித்துக்கொள்ளும். 64 பிட் விண்டோஸில் சுமார் 2.6 ஜிபி, 32 பிட்டில் 1.5 ஜிபி மிச்சமாகும் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு.

செய்முறை சுலபம். கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட் ஜன்னலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'காம்பாக்ட்' என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, ஸ்லாஷ், 'காம்பாக்ட்ஓஎஸ்', கோலன், 'ஆல்வேஸ்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் போதும். கடைசிச் சொல்லை 'கொயரி' என்று மாற்றினால் இப்போதைய நிலையைக் காட்டும், 'நெவர்' என்றால் பழையபடி விரித்துவிடும். சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் தொடங்கினேன். எங்கள் பக்கம் மதியத்தில் கரண்ட் போவது சகஜம், பேட்டரியும் நிறைந்திருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டேன்.

திரையில் வெகுநேரம் ஒன்றும் நகரவில்லை. கர்சர் மட்டும் மினுங்கியது. எழுந்து பட்டறைக்குள் போனேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அச்சைத் தூக்கியபோது ஒரு நிறமும் இன்னொன்றோடு கலக்கவில்லை. எத்தனை வருடம் பார்த்தாலும் அலுக்காத காட்சி. 25 நிமிடம் கழித்துத் திரும்பினால் வேலை முடிந்திருந்தது. காலியிடம் 3.1 ஜிபி. எனக்குக் கிடைத்தது 2.2 ஜிபி. அன்று ராத்திரியே நின்றுபோன அப்டேட் ஏறிவிட்டது.

வேகம் குறையுமோ என்பதுதான் எல்லோருக்கும் இருக்கும் பயம். ஆறு வருடத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இஎம்எம்சி மெதுவானது. சுருங்கிய கோப்பைப் படிக்கும்போது வட்டிலிருந்து எடுக்க வேண்டியது குறைவு, விரிக்கும் வேலை பிராசஸருடையது. இரண்டும் ஈடாகிவிடுகின்றன என்றுதான் நினைக்கிறேன். பில் சாஃப்ட்வேர் முதல்முறை திறக்கும்போது மட்டும் ஒரு நொடி கூடுதலாகும்.

சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரையும் இதே காம்பாக்ட் கட்டளையில் எல்இசட்எக்ஸ் என்ற, இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் முறையில் சுருக்கிப் பார்த்தேன். நல்ல மிச்சம், ஆனால் நிலைக்காது. அந்த வகையில் சுருக்கிய கோப்பில் எதையாவது எழுதினால் அது முழு அளவுக்கு விரிந்துவிடும். சாஃப்ட்வேர் புதுப்பிக்கும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. தரவுக் கோப்புகளை இதில் சேர்க்கவே கூடாது. டிசைன் படங்களைச் சுருக்கியும் பயனில்லை, ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிரைவ் ப்ராப்பர்ட்டீஸில் 'இடம் மிச்சப்படுத்த இந்த டிரைவைச் சுருக்கு' என்று ஒரு டிக் இருக்கும். அது வேறு, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பில் இருக்கும் பழைய சுருக்கும் முறை. காரைக்குடியில் ஒரு நண்பர் அதை சி டிரைவுக்குப் போட்டுவிட்டார். மறுநாள் 'பூட்எம்ஜிஆர் சுருக்கப்பட்டுள்ளது' என்ற செய்தியோடு கணினி நின்றுவிட்டது; விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்பு அது. ரிப்பேர் டிஸ்க் போட்டு மீட்க அரை நாளாயிற்று. அந்த டிக் பக்கம் போகாதீர்கள்.

ராமில் இருப்பதை வட்டில் எழுதி வைத்துவிட்டுக் கணினியை நிறுத்தும் ஹைபர்னேட் வசதியை அணைத்ததில் இன்னும் ஒன்றரை ஜிபி வந்தது. அதற்கு ஒதுக்கும் இடம் ராமின் அளவைப் பொறுத்தது, எங்களுடையது 4 ஜிபி ராம். அதோடு வேகமாகத் தொடங்கும் வசதியும் போய்விடும், பட்டறைக்கு அது பெரிய குறையில்லை. பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்கும் பிறகு 'கொயரி' போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது, எவ்வளவு சுருக்கினாலும் இதில் ஏறாது. அதனால் பில் போட வேறு கணினி வந்துவிட்டது. சின்ன லேப்டாப்பை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து, பழைய கணக்கு பார்க்க மட்டும் வைத்திருக்கிறோம். போன வாரம் ஒருவர் 2020-இல் வாங்கிய பூப்போட்ட டைல்ஸில் இன்னும் நாற்பது வேண்டும் என்று வந்தார். எந்த டிசைன், என்ன அளவு என்பதை அதில்தான் எடுத்துக் கொடுத்தேன்.