பட்டர்எஃப்எஸ்: ஒரே டிஸ்க்குக்குள் இத்தனை எல்லைகளா!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது எஸ்எஸ்டி வாங்கிய கையோடு நண்பன் கேட்டான்: "மச்சி, பட்டர்எஃப்எஸ் போடலாமா, இல்ல இஎக்ஸ்டி4 போதுமா?" இரண்டும் லினக்ஸில் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள், அதாவது ஃபைல்சிஸ்டம்கள். பட்டர்எஃப்எஸ்ஸின் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைப்பது), கம்ப்ரஷன் பற்றியெல்லாம் அவனுக்கே தெரியும். நேராக என் எரிச்சலுக்கு வருகிறேன்.

லினக்ஸ் நிறுவியபோது எனக்கு @ (சிஸ்டம்), @ஹோம் (என் கோப்புகள்) என்று இரண்டே சப்வால்யூம்கள், அதாவது ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் தனித்தனிப் பிரிவுகள், அமைந்தன. படங்கள், விர்ச்சுவல் மெஷின் (விஎம்) இமேஜ்கள், டவுன்லோடுகள் எல்லாம் @ஹோமுக்குள். ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை அழித்த கோப்பும் இடத்தை விடாது. சரி, பெரிய சாமான்களைத் தனித்தனி சப்வால்யூமுக்கு மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இருக்கிற ஃபோல்டரை அப்படியே சப்வால்யூம் ஆக்க ஒரு கட்டளையும் கிடையாது. பழையதற்கு வேறு பெயர் வைத்து, அதே பெயரில் சப்வால்யூம் உருவாக்கி, உள்ளே இருப்பதை நகர்த்த வேண்டும். பார்வைக்கு அதுவும் ஃபோல்டர்தான். ஆனால் கோப்பை நகர்த்தும் எம்வி கட்டளையைக் கொடுத்தால், வேறு டிஸ்க்குக்குப் போவதுபோல் காப்பி எடுத்து, அப்புறம் பழையதை அழிக்கிறது! ஒவ்வொரு சப்வால்யூமுக்கும் கோப்புகளைக் குறித்துவைக்கத் தனி மரம், தனி ஐநோடு (கோப்பின் அடையாளப் பதிவு) எண்கள். ஒரு மரத்தின் ஐநோடை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. காரணம் நியாயம்தான். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை.

ரெஃப்லிங்க் என்ற வசதி இருப்பதால் டேட்டாவை மறுபடி எழுதாமல் பங்குபோட்டுக்கொள்ளும் என்பது ஆறுதல். 2022-இல் வந்த லினக்ஸ் கெர்னல் 5.18-க்கு முன், இரண்டு சப்வால்யூமும் தனித்தனியாக மவுண்ட் ஆகியிருந்தால் (சிஸ்டத்தோடு இணைந்திருந்தால்) அதுவும் நடக்காது. ஐடி 5 என்ற உச்சி சப்வால்யூமை மவுண்ட் செய்து அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். இன்று அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் படங்கள் சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புது ஐநோடு, நேரம் இழுக்கும். விஎம் இமேஜுக்காக ஒரு பக்கத்து ஃபோல்டரில் மட்டும் காப்பி-ஆன்-ரைட்டை (பழையதன்மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதுவதை) அணைத்திருந்தால் ரெஃப்லிங்க்கும் செல்லாது, முழுக் காப்பிதான். கத்திரி வெயில் நேரத்தில், எப்போது கரண்ட் போகுமோ என்று யுபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். ஒரு ஃபோல்டர் முழுதும் காப்பியான பிறகே எம்வி மூலத்தில் கைவைக்கும், அதுவரை பயமில்லை.

இப்படிப் பாடாய்ப் படுத்துகிற அதே பட்டர்எஃப்எஸ், முழு சப்வால்யூமையே நகர்த்தச் சொன்னால் கண்ணிமைப்பதற்குள் செய்துவிடுகிறது. படங்களின் சப்வால்யூமை @ஹோமுக்குள்ளிருந்து எடுத்து @-க்குப் பக்கத்தில் வைத்தேன். எத்தனை ஜிபி இருந்தாலும் வெறும் பெயர் மாற்றம்தான். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு எச்சரிக்கை. @ஹோமுக்கு எடுக்கிற ஸ்னாப்ஷாட் உள்ளே இருக்கும் சப்வால்யூமைச் சேர்த்து எடுக்காது. அந்த இடத்தில் காலி ஃபோல்டர்தான் தெரியும். விஎம்முக்கு அதுதான் வேண்டும். குடும்பப் படங்களுக்கு? தனி ஸ்னாப்ஷாட், தனி பேக்கப். பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் ஒரே ஃபைல்சிஸ்டம் என்ற ஆப்ஷனைப் போட்டிருந்தால், அதுவும் எல்லையைத் தாண்டாது.

"இஎக்ஸ்டி4 போடுடா, நிம்மதியா இரு" என்று சொல்லிவிட்டேன். நான் மாறப்போவதில்லை, அது வேறு விஷயம். கேட்காமல் பட்டர்எஃப்எஸ்தான் போடுவான் என்றால், முதல் நாளே படங்கள், விஎம், லாக் மூன்றையும் பிரித்துவிடட்டும். ஸ்னாப்ஷாட் எடுக்கும் டைம்ஷிஃப்ட் செயலியைப் பயன்படுத்துவதாக இருந்தால் @, @ஹோம் பெயர்களில் மட்டும் கைவைக்கக் கூடாது.